ஃபெராரி மாதிரி சூப்பர் கார் ராலி கார் பந்தயத்தில் ஓட முடியுமா?

தார் சாலை ராலி என்றால் தாராளமாக முடியும். 1982-இல் கோர்சிகா ராலியில் ஃபெராரி 308 ஜிடிபி இரண்டாம் இடம் பிடித்தது.

கல்லும் குழியுமான பாதையில்தான் சிக்கல். கார் தரையோடு ஒட்டி நிற்பதால் அடிப்பாகம் இடிக்கும். சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் மேலும் கீழும் போய்வர இடம் போதாது. பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் தரையை விட்டு எழும்பினால் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் வீண். ஆகவே உயரம் கூட்டி, நீண்ட டேம்பர் (அதிர்வைத் தணிக்கும் பாகம்), அடியில் காப்புத் தகடு, சட்டென்று வேகமெடுக்க உதவும் குறுகிய கியர் விகிதம் எல்லாம் வேண்டும். அப்புறம் போட்டி விதிகளின் அங்கீகாரமும் வேண்டும்.

என்னைக் கேட்டால் சிறந்த வழி லான்சியா ஸ்ட்ராட்டோஸ் கார் காட்டியதுதான். ராலிக்கென்றே கட்டிய குட்டையான உடல், நடுவில் ஃபெராரி டினோவின் வி6 எஞ்சின். 1974 முதல் 1976 வரை தொடர்ந்து உலகப் பட்டம் வென்றது. நான்கு சக்கர இயக்கம் கொண்ட போர்ஷே 959 காரோ 1986-இல் பாரிஸ்–டக்கார் பாலைவனப் போட்டியையே வென்றிருக்கிறது!