அம்மான் சொன்ன கோர்ஸும் மகள் புதைத்த பையும்

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி மகளின் மேல்படிப்புக்கு யோசனை கேட்டு அவளோடு என்னிடம் வந்திருந்தார்கள். பிளஸ் டூவில் நல்ல மார்க். சிங்கப்பூர் அம்மான் போனிலேயே முடிவு சொல்லிவிட்டாராம்: சென்னையில் தனியார் கல்லூரி, மேனேஜ்மென்ட் கோட்டா, கம்ப்யூட்டர் சயின்ஸ். நகையை அடகு வைப்பதா, வீட்டுப் பங்கை விற்பதா என்பதுதான் ஆச்சியின் கேள்வி. "பொண்ணு கெமிஸ்ட்ரிங்குது, எனக்குப் பயமா இருக்கு." பயப்படாதீங்க என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது என்று அப்புறம் தோன்றியது.

ஆச்சி, இரண்டும் வேண்டாம். பேரேடு எழுதிய குடும்பம் உங்களுடையது, கணக்கு உங்களுக்குத் தெரியும். நாலு வருடக் கட்டணம், ஹாஸ்டல், அதற்கு மேல் வட்டி. வட்டியை அம்மான் கட்டப் போவதில்லை; மனமில்லாத பாடத்தை அவர் படிக்கப் போவதுமில்லை.

பேச்சுவாக்கில் உங்கள் மகள் சொன்னதை நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. 'மக்கும் பை' என்று அச்சடித்த பையைத் தோட்டத்தில் புதைத்திருக்கிறாள். பக்கத்திலேயே கிழிந்த பனையோலைக் கொட்டான் ஒன்று. மாதம் ஒருமுறை தோண்டிப் பார்த்து நோட்டில் குறித்திருக்கிறாள். ஐந்தாம் மாதம் கொட்டான் கறுத்து உதிர்கிறது. பை சுருங்கியதோடு சரி. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவளாகவே செய்திருக்கிறாள்.

பை ஏன் மக்கவில்லை? இந்த மாதிரிப் பைகள் பலவற்றில் பாலிலாக்டிக் அமிலம் என்ற பிளாஸ்டிக் இருக்கும். மக்காச்சோளம், கரும்பு இவற்றின் சர்க்கரையை நொதிக்கவைத்து, அதில் வரும் அமிலத்திலிருந்து செய்வது. சான்று தருவதற்கு ஆய்வகத்தில் சுமார் 58 டிகிரி சூடான மக்கு உரத்தில் போட்டுப் பார்ப்பார்கள். 180 நாளுக்குள் அதன் கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாகிவிட வேண்டும். உங்கள் தோட்டத்தில் ஓரடி ஆழத்தில் அந்தச் சூடு சித்திரையில்கூடக் கிடைக்காது. பிளாஸ்டிக் போலச் சங்கிலியாய்க் கோத்த மூலக்கூறுகளுக்குப் பாலிமர் என்று பெயர்; சாதாரண மண்ணிலேயே மக்குகிற பாலிமரைச் செய்வது உலகம் முழுக்க ஆய்வாளர்கள் மல்லுக்கட்டும் வேலை. பிரசவத் தையலில் பிரிக்கத் தேவையில்லாத நூல் இருக்கிறதே, அதுவும் இந்தக் குடும்பத்துப் பாலிமர்தான்.

இதே வேதியியல் படிப்பு அழகுசாதனப் பக்கமும் போகும். முகம் தேய்க்கும் ஸ்க்ரப்பில் பிளாஸ்டிக் மணிகளுக்குப் பதில் எதைப் போடலாம் என்பது பாலிமர் கேள்வி. கிரீம், ஷாம்பு கெடாமலிருக்கச் சேர்க்கும் பினாக்ஸி எத்தனால் ஐரோப்பாவில் 1 சதவீதத்துக்கு மேல் கூடாது. ஷாம்பு கழுவியதும் போய்விடும், கிரீம் நாள் முழுக்கத் தோலில் கிடக்கும். எவ்வளவு உடம்புக்குள் போகும் என்று இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். 2014 முதல் இந்தியாவில் அழகுசாதனங்களை விலங்குகள்மேல் சோதிக்கத் தடை. அதனால் மனிதச் செல்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த தோல் படலத்தின்மேல் தடவிப் பார்க்கிறார்கள். இதற்கெல்லாம் ஆள் வேண்டும் ஆச்சி.

வழி பக்கத்திலேயே இருக்கிறது. காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல். நகைப்பெட்டியைத் திறக்காமலே கட்டணம் கட்டிவிடலாம். பிறகு எம்.எஸ்சி., நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வரவழைத்த சிக்ரி என்ற மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனமும் காரைக்குடியிலேயே இருக்கிறது. அங்கே பேட்டரி, துரு சம்பந்தப்பட்ட மின்வேதியியல்தான் பிரதானம், ஆனாலும் ஓர் ஆய்வகம் எப்படி நடக்கிறது என்று ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கட்டும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் கைகொடுக்காது. முனைவர் பட்டம் வரை பத்து வருடம் ஆகும். அவ்வளவு நாள் முடியாது என்றால் பி.எஸ்சி.க்குப் பிறகு கிண்டியில் சிப்பெட் என்ற மத்திய அரசு பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்தில் பிளாஸ்டிக் சோதனைக்கு முதுநிலை டிப்ளமோ இருக்கிறது, தொழிற்சாலை வேலைக்கு அது போதும். எம்.எஸ்சி. நடுவில் வரன் பார்த்து நிறுத்துவதாக எண்ணமிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், அவளிடமும் சொல்லுங்கள்.

அம்மானிடம் நானே பேசுகிறேன், நம்பரை அனுப்புங்கள். தோட்டத்தைக் கொத்த ஆள் வந்தால் அந்த மூலையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். ஆறாம் மாதக் குறிப்பை அவள் இன்னும் எழுதவில்லை.