நறுக்கிக் கேட்க முடியாத 33 நிமிடங்கள்

கேள்வி: நான் 'கிரேஸ்லேண்ட்' ஆல்பம் வந்த காலத்திலிருந்து அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் ரசிகன். அவருடைய 'செவன் சாம்ஸ்' ஆல்பத்தைக் கேட்டு நொந்துபோனேன். டிரம்ஸ் கிடையாது. குரல் கம்மிவிட்டது. ஏழு பாட்டையும் ஒரே டிராக்காக ஒட்டிவைத்திருக்கிறார்; பிடித்ததை மட்டும் கேட்க வழியில்லை. வயதானதும் சாமி பாட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டார் போலிருக்கிறது. விமர்சகர்கள் ஏன் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: பிடித்ததை மட்டும் கேட்க வழியில்லை என்கிறீர்கள். வழி இருக்கக் கூடாது என்பதுதான் அவர் திட்டமே. 2023 மே மாதம் வெளியானபோதே, ஒரே மூச்சில் கேட்க வேண்டிய ஒரே படைப்பு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். முதல் பகுதியின் மெட்டு நடுவில் வேறு சொற்களோடு திரும்பி வருகிறது. தனித்தனியாக நறுக்கினால் அது வெறும் ரிப்பீட். மொத்தமாகக் கேட்டால், பதில் கிடைக்காத ஒருவர் அதே கேள்வியை மறுபடி கேட்பது புரியும். ராகம் தானம் பல்லவிக்கு முக்கால் மணி நேரம் அசையாமல் உட்காரும் ஊர் உங்களுடையது. 33 நிமிடத்துக்கா இந்த அலுப்பு?

அடுத்தது சாமி பாட்டு. தலைப்பை வைத்து முடிவு கட்டிவிட்டீர்களா? 'சாம்ஸ்' என்பது பைபிளின் சங்கீதங்கள் என்ற துதிப்பாடல்களை நினைவூட்டும் பெயர்தான். ஆனால் முதல் பகுதியில் கர்த்தர் எந்தெந்த வடிவில் வருகிறார் என்று கவனியுங்கள். ஏழையிலும் ஏழைக்குக் கிடைக்கும் சாப்பாடு அவர். அந்நியனுக்குத் திறக்கும் கதவு அவர். கோவிட் வைரஸும் அவர்தான், ஏறிவரும் கடலும் அவர்தான். இதைக் கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ள முடியுமா? பாதி துதி, பாதி குற்றப்பத்திரிகை.

இதற்கு ஒரு கனவுக் கதையும் உண்டு. 2018 செப்டம்பரில், தான் வளர்ந்த நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஃப்ளஷிங் மெடோஸ் பூங்காவில் டூர் வாழ்க்கைக்கு விடைகொடுக்கும் கச்சேரி நடத்தினார். நாலு மாதம்கூட ஆகவில்லை, 2019 ஜனவரி 15 அன்று, 'செவன் சாம்ஸ்' என்று ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறாய் எனக் கனவு சொன்னதாம். பிறகு வாரத்தில் சில நாள் விடிகாலை மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவே விழிப்பு வந்து, சொற்கள் வந்தனவாம். பாட்டெழுதுகிறவர்களின் கனவுகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எழுதியதில் விடிகாலையின் வாடை இருக்கிறது, அது போதும்.

குரல் கம்மியது உண்மை. வெளியானபோது அவருக்கு 81 வயது. ஆனால் அவர் எப்போது உச்சஸ்தாயியில் முழங்கினார்? 1970-இல் 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்டு வாட்டர்' எழுதியவர் அவர். பாடக் கொடுத்தது அன்றைய ஜோடிப் பாடகர் ஆர்ட் கார்ஃபங்கலிடம். இந்த ஆல்பம் உருவாகும்போதே இடது காது பெரும்பாலும் கேட்காமல் போய்விட்டது. மிச்சமிருந்த காதை நம்பி, கிட்டாரையும் தாழ்ந்த குரலையும் நம் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறார். டிரம்ஸைத் தேடியதில், பின்னால் மணிபோல் ஒலித்துக் கரைவதைத் தவறவிட்டிருப்பீர்கள். ஹாரி பார்ட்ச் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் பெரிய கண்ணாடிக் குடுவைகளை அறுத்துச் சட்டத்தில் தொங்கவிட்டு உருவாக்கிய வாத்தியம் அது. தாளம் போட்டே தீருவேன் என்றால் மூன்றாம் பகுதிக்குப் போங்கள்: ப்ளூஸ் நடை, பேசிக்கொள்ளும் இரண்டு பசுக்கள், நல்ல குசும்பு.

எல்லாம் பிரமாதம் என்று நானும் சொல்லவில்லை. ஐந்தாம் பகுதியான 'டிரெயில் ஆஃப் வால்கேனோஸ்' எனக்கு ஒட்டவில்லை. கூடப் பாடும் வோசஸ்8 என்ற பாடகர் குழுவின் கோரஸில் சில இடங்களில் பாலிஷ் அதிகம்.

விமர்சகர்கள் விஷயத்தில் உங்களோடு பாதி தூரம் வருகிறேன். 2016-இல் பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி, தன் 'பிளாக்ஸ்டார்' ஆல்பம் வெளியான இரண்டே நாளில் இறந்தார். அதே ஆண்டு கனடியப் பாடகர் லியனார்ட் கோஹன், தன் ஆல்பம் வந்து மூன்று வாரம் முடியுமுன் போய்விட்டார். அன்றிலிருந்து வயதான பாடகர் ஆல்பம் போட்டாலே உயில் படிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். சைமனுக்கும் அதையே செய்தார்கள். கடைசிப் பகுதியில், மனைவி ஈடி பிரிக்கெல் கூடச் சேர்ந்து பாட, 'பொறு, நான் இன்னும் தயாராகவில்லை' என்கிற அர்த்தத்தில் அவர் கெஞ்சுவது இவர்கள் காதில் விழவில்லை. 2025 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் தொடங்கி மறுபடி டூர் கிளம்பினார். முதல் பாதி முழுக்க 'செவன் சாம்ஸ்' மட்டும்தான். உங்களைப்போல் பழைய ஹிட்டுகளுக்காக டிக்கெட் வாங்கியவர்கள் இடைவேளை முடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.