ஐந்தாண்டுத் திட்டத்தை ஆலோசனை நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாமா?

கேள்வி: நகராட்சி அலுவலகத்தில் மேலாளராகப் பணிபுரிகிறேன். ஐந்தாண்டுக்கான உத்திசார் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. இத்தகைய திட்டங்களால் பயன் உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றனவா? முழு வேலையையும் ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் விட்டுவிடலாமா?

பதில்: பயன் உண்டு. பெர்ட் ஜார்ஜ், ரிச்சர்ட் வாக்கர், யூஸ்ட் மான்ஸ்டர் ஆகிய மூவரும் 31 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டு 2019-இல் வெளியிட்ட கட்டுரை, திட்டமிடலுக்கும் நிறுவனச் செயல்திறனுக்கும் இடையே மிதமான நேர்த்தொடர்பு இருப்பதையும், அது தனியார் துறையைப் போலவே அரசுத் துறையிலும் காணப்படுவதையும் காட்டியது. எடுத்துக்கொண்ட இலக்கை எட்டினார்களா என்று அளந்த ஆய்வுகளில்தான் இத்தொடர்பு மிக வலுவாக இருந்தது. இலக்கை எட்டுவது வேறு, செலவைக் குறைப்பது வேறு. ஆகவே, திட்டத்தால் செலவு குறையும் என்று மன்றத்தில் வாக்குறுதி அளித்துவிடாதீர்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை: முழு வேலையையும் விட்டுவிடாதீர்கள். ஆவணம் மட்டும் போதாது என்பதை அமெரிக்கக் கூட்டரசின் அனுபவம் காட்டுகிறது. கூட்டரசு அமைப்புகள் உத்திசார் திட்டம் தயாரித்தே ஆகவேண்டும் என்று அங்கே 1993-இல் சட்டம் வந்தது. திட்டங்களும் அறிக்கைகளும் குவிந்தனவே தவிர, அந்தத் தரவுகளை வைத்து அதிகாரிகள் முடிவெடுக்கும் வழக்கம் பெரிதாக வளரவில்லை. 2010-இல் சட்டத்தைத் திருத்தி, முன்னுரிமை இலக்குகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை நியமித்து, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தரவுகளுடன் ஆய்வு செய்ய வேண்டும் என்றார்கள். இந்த நடைமுறைகளில் நேரடியாக ஈடுபட்ட அதிகாரிகள் தரவுகளைக் கூடுதலாகப் பயன்படுத்தினர் என்பதை டொனால்ட் மோய்னிஹனும் அலெக்சாண்டர் கிரோலும் 2016-இல் எடுத்துக்காட்டினர். திட்ட ஆவணத்தின் அழகைவிட ஆய்வுக் கூட்டத்தின் ஒழுங்கே முக்கியம் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

கணக்கெடுப்பு, வரைபடம், தரவுத் தொகுப்பு ஆகியவற்றை ஆலோசனை நிறுவனத்திடம் தாராளமாகக் கொடுக்கலாம். இலக்குகளை மட்டும் ஆணையர், பொறியாளர், சுகாதார ஆய்வாளர், மன்ற உறுப்பினர்கள் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து முடிவுசெய்ய வேண்டும். குழாய்த் திறப்பாளரையும் அழைத்துக் கேளுங்கள், எந்தத் தெருவுக்கு ஏன் தண்ணீர் ஏறவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். ‘குடிநீர் விநியோகத்தை மேம்படுத்துதல்’ என்று எழுதினால் யாரும் யாரையும் கேட்க முடியாது. இன்ன வார்டுகளில் இன்ன தேதிக்குள் தினமும் தண்ணீர் வரும், அதற்கு இன்னார் பொறுப்பு, பணம் இந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் இந்தத் தலைப்பிலிருந்து என்று எழுதுங்கள். இத்தகைய இலக்குகள் ஐந்தாறு போதும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே முதல் மூன்று மாத ஆய்வுக் கூட்டத்தின் தேதியைக் குறித்து, அதை மன்றத் தீர்மானத்திலும் சேர்த்துவிடுங்கள்.