பெருநாள் முடிந்தது, சாக்லேட் மிச்சம்

கேள்வி: துபாயில் வேலை பார்க்கும் என் காக்கா (அண்ணன்) பெருநாளைக்கு ஊருக்கு வந்தபோது பெட்டி நிறைய சாக்லேட் கொண்டுவந்தார். சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லாருக்கும் கொடுத்த பிறகும் மூன்று கிலோ அளவுக்கு மிச்சம் கிடக்கிறது. சிலவற்றின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூசணம் பிடித்துவிட்டது, எறிந்துவிடு என்கிறார் மாமி. எனக்கு மனம் வரவில்லை. சமையலில் எதற்காவது பயன்படுத்தலாமா?
வாசகி, கீழக்கரை

பதில்: எறியாதீர்கள் சகோதரி. விமானத்தில் கொண்டுவரும் எடைக்கு ஒரு கணக்கு உண்டு; அதில் தன் துணிமணியைக் குறைத்துக்கொண்டு சாக்லேட்டுக்கு இடம் ஒதுக்கியிருப்பார் உங்கள் காக்கா. வெளிநாட்டில் சம்பாதிக்கும் சபுராளி வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. அதைக் குப்பையில் கொட்டுவதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து தரம் பிரியுங்கள்.

அந்த வெள்ளை பெரும்பாலும் பூசணம் இல்லை. சாக்லேட்டில் உள்ள கோக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும். மதுரையிலோ திருச்சியிலோ இறங்கி, வெயிலில் நின்ற வண்டியில் ஊர் வந்து சேர்வதற்குள் அது இளகி, வீட்டுக்கு வந்து மறுபடி இறுகும்போது கொழுப்பு மேலே ஏறிப் படிந்துவிடுகிறது. விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாகக் கரைந்து மறைந்தால் கொழுப்பு. நறநறவென்றால் ஈரம் பட்டுக் கரைந்து மீண்டும் உறைந்த சர்க்கரை. பார்வைக்கு அழகில்லை, உடம்புக்குக் கெடுதல் இல்லை. பஞ்சு போல எழும்பியிருந்தாலோ, பச்சை நிறம் தெரிந்தாலோ அதுதான் பூசணம். அதை மட்டும் தயங்காமல் எறியுங்கள். உள்ளே கிரீமோ பழக்கூழோ வைத்த வகைகளை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

அடுத்து மூக்கு. பாதாம், முந்திரி, பிஸ்தா பதித்தவை வெறும் சாக்லேட்டைவிடச் சீக்கிரம் காறிவிடும். பழைய எண்ணெய் வாடை அடித்தால் எந்தப் பலகாரத்தில் போட்டாலும் அந்த வாடை போகாது. நம் கடற்கரை வீடுகளுக்கென்று இன்னொரு தொல்லையும் இருக்கிறது. சாக்லேட்டின் கொழுப்பு பக்கத்தில் இருக்கும் மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். என் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்துக்கு அருகில் ஒரு வாரம் இருந்த பெட்டியைத் திறந்தபோது, காகிதம் பிரிக்காத சாக்லேட்டிலும் கருவாட்டு மணம் ஏறியிருந்தது. அதனால் இறுக மூடும் டப்பாவில் போட்டு, மீனும் கருவாடும் இல்லாத தட்டில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காமல் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். உடனே திறந்தால் வியர்த்து நீர் கோத்துக்கொள்ளும்.

தேதியையும் பாருங்கள். வளைகுடா நாட்டுப் பெட்டிகளில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசைதான் வழக்கம். சிலவற்றில் அரபு எண்கள் இருக்கும். அதில் வட்டம் போல இருப்பது ஐந்து. பூஜ்யம் வெறும் புள்ளி. அரபு ஓதிய உங்களுக்கு இது தெரியும், நீங்கள் பெட்டி கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள்.

இனி அடுப்படி. என்னைக் கேட்டால் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் வட்டலப்பம்தான். பால் சாக்லேட்டில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. இதை மறந்துவிட்டு வழக்கமான இனிப்பையும் போடுவதால்தான் மிச்ச சாக்லேட் பலகாரங்கள் திகட்டிப்போகின்றன. ஐந்து முட்டைக்கு நீங்கள் 200 கிராம் கருப்பட்டி சேர்ப்பவர் என்றால், 100 கிராம் பால் சாக்லேட்டைச் சேர்த்து கருப்பட்டியை 150 கிராமாகக் குறையுங்கள். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள், அதன் லேசான புகை மணமும் கோக்கோவின் கசப்பும் நன்றாகச் சேரும். ஒரு டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிடாமல் சூடாக்கி இறக்கி, நறுக்கிய சாக்லேட்டைப் போட்டு இரண்டு நிமிடம் கழித்துக் கலக்குங்கள். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிச் சேருங்கள். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே அடித்த முட்டை. இல்லையென்றால் முட்டை திரிந்து துணுக்குத் துணுக்காகிவிடும். ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சாதிக்காய். ஏலக்காயை நான் போடுவதில்லை, அது சாக்லேட்டை அமுக்கிவிடுகிறது. ஆவி நீர் சொட்டாதபடி மூடி, சிறு தீயில் அரை மணி நேரம் அவியுங்கள். ஈர்க்குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

சாக்லேட்டைத் தனியாக உருக்குவதென்றால் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சர்க்கரைத் துகள்கள் அதை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டி, மொத்தமும் சாந்து போல இறுகிவிடும். பதற வேண்டாம். சூடான பாலைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கலக்கினால் இளகிக் குழம்பாகிவிடும். ஆப்பத்துக்கோ குழந்தைகளின் பாலுக்கோ அது போதும். வேபர் வகைகளை உருக்காதீர்கள், நமத்துப்போகும். நொறுக்கி ஐஸ்கிரீம் மேல் தூவுங்கள்.

தொதல் அல்வாவில் மட்டும் சேர்க்க வேண்டாம். மணிக்கணக்கில் கிண்டும் பதத்தில் சாக்லேட் அடிப்பிடிக்கும். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து தருகிற மணத்துக்குக் கீழக்கரைத் தொதலில் குறுக்கே எதுவும் வரக் கூடாது.

கேள்வி: கிறிஸ்துமஸ் கழிந்து பாதி விலைக்கு வாங்கிய சாக்லேட் பரிசுப் பெட்டியில், தேதி இருந்த இடத்தில் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. உரித்துப் பார்த்தால் காலாவதியாகி இரண்டு மாதம். கேக் செய்து தீர்த்துவிடலாமா, கடைக்காரரிடம் கேட்கலாமா?
வாசகர், தங்கச்சிமடம்

பதில்: கேக் செய்யாதீர்கள். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தினால் சிறந்தது’ என்பது சுவைக்கான கணக்கு. ‘காலாவதி’ என்பது அதற்குப் பிறகு விற்கவோ உண்ணவோ கூடாது என்பதற்கான எல்லை. உங்கள் பெட்டியில் இருப்பது இரண்டாவது. அதை ஸ்டிக்கரால் மறைத்தது ஏமாற்று வேலை. பாதி விலைக்கு வாங்கியதால் உங்கள் உரிமை பாதியாகிவிடாது.

பெட்டி, உறை, பில் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். ஸ்டிக்கரையும் அடியில் உள்ள தேதியையும் படம் எடுங்கள். முதலில் கடையில் கேளுங்கள். பணம் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் எழுதுங்கள், அதே பெட்டிகள் இன்னும் அலமாரியில் இருக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் இராமநாதபுரத்தில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

அடுத்த முறை தள்ளுபடிப் பெட்டியை எடுக்கும்போது சேர்மானப் பட்டியலையும் படியுங்கள். கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு முன்னால் நின்றால், மேல் அண்ணத்தில் மெழுகு போல ஒட்டும் ரகம் அது. வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு (FSSAI) உரிம எண்ணும் இருக்க வேண்டும்.

கேள்வி: மிச்சமான சாக்லேட்டை வீட்டு நாய்க்குப் போடலாமா?
வாசகர், தேவிபட்டினம்

பதில்: கூடவே கூடாது. கோக்கோவில் உள்ள தியோபுரோமின் நாயின் உடம்பிலிருந்து எளிதில் வெளியேறுவதில்லை. வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை கொண்டுபோகும். நிறம் கறுக்கக் கறுக்க ஆபத்தும் கூடும். ஏற்கெனவே தின்றிருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் உறையையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள்.