வாசகர் கேள்வி – பதில்: அலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப்புத்தகம்

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலம் கற்பிக்கும் அலைபேசிச் செயலி ஒன்றில் நாள்தோறும் முக்கால் மணி நேரம் செலவிட்டு, பல நிலைகளைக் கடந்துவிட்டாள். ஆனால் சொந்தமாக நான்கு வரி எழுதச் சொன்னால் விழிக்கிறாள். அலைபேசியை வாங்கி வைத்துவிடலாமா?
– ஒரு தாய், பாலக்கோடு

பதில்: வாங்கி வைக்க வேண்டாம், அதன் பக்கத்தில் ஒரு நோட்டுப்புத்தகத்தை வையுங்கள். இத்தகைய செயலிகள் பெரும்பாலும் கண்முன் உள்ள விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்கின்றன. சரியான விடையைப் பார்த்து அடையாளம் காண்பதும், வெற்றுத் தாளின் முன் அமர்ந்து சொல்லை நினைவிலிருந்து எடுத்து எழுதுவதும் வெவ்வேறு உழைப்புகள். உங்கள் மகள் முதலாவதில் தேறிவிட்டாள். இரண்டாவதற்குப் பயிற்சியே கிடைக்கவில்லை.

நம் பள்ளிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் ‘சொல்வதெழுதுதல்’ இதற்குப் பொருத்தமான பயிற்சி. 2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டுள்ளன. அவற்றின் வழியே பாடத்தின் ஒலிப்பதிவு கிடைத்தால் அதையும், கிடைக்காவிட்டால் ஆங்கில ஆசிரியரை ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்ததையும் வைத்துக்கொண்டு, புத்தகத்தை மூடிவிட்டு, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திக் கேட்டு அவள் எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, தானே சிவப்பு மையால் திருத்தட்டும். திருத்துவது அவளாகவே இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்; உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் இங்கே அது ஒரு குறையே இல்லை.

சில நாள்களிலேயே பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கு தெரியும். கையில் தூக்கும் பையையும் முதுகையும் ‘பேக்’ என்றே தமிழில் எழுதிப் பழகிய நமக்கு, ஆங்கிலத்தில் அச்சொற்களின் இறுதி ஒலி வேறுபடுவது எளிதில் காதில் விழாது. இறந்த காலத்தைக் காட்டும் கடைசி ஒலியும் அவ்வாறே நழுவிப்போகும். தான் எங்கே வழுக்குகிறோம் என்பதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்து, அடுத்த முறை எதைக் கேட்பது என்று அவளே தீர்மானிக்கட்டும். 1981இல் ஆன்றி ஓலெக் என்ற கல்வியாளர் தற்சார்புக் கற்றலைத் தன் கற்றலுக்குத் தானே பொறுப்பேற்கும் திறன் என்று வரையறுத்தார். அத்திறன் இப்படிப்பட்ட சிறு தீர்மானங்களில்தான் வளர்கிறது.

சொற்களை நினைவில் நிறுத்த, செபாஸ்டியன் லைட்னர் என்ற எழுத்தாளர் 1972இல் பரப்பிய பெட்டி முறை உண்டு. பழைய கல்யாணப் பத்திரிகைகளை அட்டைகளாக வெட்டி, ஒரு பக்கம் தமிழில் பொருளையும் மறுபக்கம் சொல்லுடன் அவளே அமைத்த வாக்கியத்தையும் எழுதி, வரிசையாக வைத்த சில பெட்டிகளில் முதலாவதில் போடலாம். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போய், சில நாள் கழித்தே திரும்பும். தவறியது முதல் பெட்டிக்கே வரும். பல செயலிகள் உள்ளுக்குள் செய்யும் கணக்கும் ஏறத்தாழ இதுவே. உச்சரிப்பைக் கேட்க மட்டும் அலைபேசியை எடுத்தால் போதும்.

கேள்வி: எங்கள் வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். ஆங்கிலம் வளர, வீட்டில் மகனிடம் ஆங்கிலத்திலேயே பேசச் சொல்கிறார்கள். சரியா?
– ஒரு தந்தை, தேன்கனிக்கோட்டை

பதில்: உங்களுக்கு இயல்பாக வராத மொழியில் பேசினால், வீட்டில் பேச்சே குறைந்துவிடும். எந்த வகுப்புக்கும் போகாமல், தேவைக்காகக் காதால் கேட்டே கன்னடம் கற்றுக்கொண்ட பிள்ளைக்குத் தானே மொழி கற்கும் வழி ஏற்கெனவே தெரியும். நூலகத்திலிருந்து அவன் நிலைக்குச் சற்று எளிதான ஆங்கிலக் கதைப்புத்தகம் ஒன்றை எடுத்து வந்து வாசிக்கட்டும். அந்தக் கதையை இரவில் உங்களுக்குத் தெலுங்கில் சொல்லட்டும். சொல்ல முடியாமல் தடுமாறும் இடத்தில் அவனே அகராதியைத் தேடுவான். அது தாளில் இருந்தாலும் சரி, அலைபேசியில் இருந்தாலும் சரி.