டார்கெட் பிஸ்டலின் உதையைக் குறைக்கும் எடைகளை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். நான் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் என் வாழ்க்கையில் ஒரு நாளும் பிஸ்டல் சுட்டதில்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். படகு ஷாஃப்ட் கடைவது, அறுவடை மெஷினுக்குப் புஷ் போடுவது, இதுதான் பிழைப்பு. சித்தியின் மகன் சுவிஸில் இருக்கிறான். அங்கே ஒரு சுடும் கழகத்தில் உறுப்பினர், லைசன்ஸோடு .22 பிஸ்டல் (0.22 அங்குல அளவுக் குழல் உள்ளது) வைத்து 25 மீற்றர் போட்டிகளுக்குப் போகிறவன்.

ஒரு நாள் அவனிடமிருந்து குரல் பதிவு வந்தது: "அண்ண, பிஸ்டலுக்கு முன்னுக்குப் பாரம் காணாது. பூட்டுறதுக்கு ஒரு துண்டு கடைஞ்சு தாங்களன்." ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டதுதான் பிழை. அடுப்படியில் இருந்த அம்மா பாதி திருவிய தேங்காயோடு வெளியே வந்துவிட்டார். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடிய தலைமுறை இல்லையே அவர்கள். இது வெறும் உலோகத் துண்டு, துப்பாக்கி அங்கே சுவிஸில் இருக்கிறது என்று விளங்கப்படுத்தவே அரை மணித்தியாலம் போனது. இலங்கையில் இருந்து கேட்கிறீர்கள் என்றால் உங்களுக்கும் அதுதான்: அனுமதிப்பத்திரம் உள்ள துப்பாக்கி, சுட அனுமதி உள்ள இடம், இரண்டும் இருந்தால் மட்டும் மேலே வாசியுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். .22 குண்டு ஒன்று சுமார் 2.6 கிராம். வினாடிக்கு ஏறக்குறைய 330 மீற்றர் வேகத்தில் போகிறது. பிஸ்டல் 1100 கிராம் என்றால், பிடிக்கிற கையை மறந்துவிட்டுக் கணக்குப் பார்த்தால், அது வினாடிக்கு முக்கால் மீற்றருக்குச் சற்று மேலான வேகத்தில் பின்னுக்கு வரும். 100 கிராம் கூட்டினால் அந்த வேகம் 8 சதவீதம் அளவில்தான் குறையும். இதற்கா இவ்வளவு பாடு என்றுதான் நானும் கேட்டேன்.

பாரத்தை எங்கே பூட்டுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. உதையைவிடச் சுடுகிறவனுக்குத் தொல்லை தருவது குழல் வாய் மேலே எகிறுவது. ஸ்டாண்டர்ட் பிஸ்டல் என்ற 25 மீற்றர் போட்டியில் 60 சூடு. அதில் கடைசி 20 சூடும் 10 வினாடிக்கு ஐந்து என்ற கணக்கில் வரும். ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு முன் குறி, அதாவது குழல் நுனியில் குறி பார்க்க நிற்கும் முளை, எவ்வளவு சீக்கிரம் பழைய இடத்துக்கு இறங்குகிறதோ அவ்வளவு புள்ளி. கைப்பிடியிலிருந்து 10 சென்றிமீற்றரில் இருக்கும் துண்டை 20 சென்றிமீற்றருக்குத் தள்ளினால், எகிறலை எதிர்க்கும் அதன் பங்கு நாலு மடங்காகும், ஏனென்றால் தூரம் அங்கே வர்க்கமாகக் கணக்கில் சேர்கிறது. நீளப் பிடிக் கோடரியைச் சட்டென்று திருப்பிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

முதலில் ஈயத்தில் வார்த்தேன். வீச்சு வலைக்குக் கட்டும் ஈயமணி இங்கே தாராளமாகக் கிடைக்கும், பாரமும் அதிகம், ஒரு கன சென்றிமீற்றர் 11.3 கிராம். முற்றத்தில் காற்றோட்டமான இடத்தில் உருக்கினேன். வீட்டுக்குள்ளேயோ சமையல் பாத்திரத்திலோ ஈயம் உருக்கவே கூடாது. அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் வெடித்துத் தெறிக்கும், எங்கள் ஊர் மாரி காலத்தில் ஈரமில்லாத பொருள் எது? வார்த்தது நன்றாகத்தான் வந்தது. தெரிந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். இரண்டாவது நாள் பயிற்சியிலேயே திருகு கழன்று துண்டு மேசையில் விழுந்துவிட்டதாம். ஈயம் மெத்து. அதில் வெட்டிய மரை அடிக்கடி வரும் அதிர்வைத் தாங்காது. பித்தளைக் குழாய்க்குள் ஊற்றி, மரையைப் பித்தளையில் வெட்டியிருந்தால் நின்றிருக்கும். அது மறுகாதான் புத்தியில் பட்டது.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கு என்று ஊருக்கு வந்தவன் அந்த ஈயத் துண்டையும் கொண்டுவந்தான். அடுத்த வீட்டு மாமா அதை வலைக்கு வாங்கிக்கொண்டார். இந்த முறை இருவருமாகப் பட்டறையில் இருந்து 20 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பியில் கடைந்தோம். அந்தக் கம்பி மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 2.7 கிராம், ஆகவே 15 மில்லிமீற்றர் வெட்டினால் 40 கிராம். துளை போடுகிற அளவுக்கு நீளத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். 60, 40, 25 கிராமில் மூன்று துண்டு. ஒரே கட்டியாகச் செய்யாமல் இப்படிப் பிரித்ததுதான் நாங்கள் செய்த ஒரே கெட்டிக்கார வேலை. விளிம்பெல்லாம் அரம் போட்டு மழுக்கி, திருகு கழலாமல் பிடிக்கும் மரைப் பசையும் அனுப்பினேன்.

குழாய்க்குள் சின்ன ஈயக் குண்டுகளை முக்கால்வாசி நிரப்பிப் பூட்டுகிற வழியும் இருக்கிறது. உதைக்கும்போது குண்டுகள் சற்றுப் பிந்தி நகர்ந்து மோதி அந்த அடியை மெத்தாக்கும். துள்ளாத சுத்தியலுக்குள் இரும்புக் குண்டுகள் கிடப்பதும் இதே தத்துவம்தான். அதையும் செய்து கொடுத்தேன். உள்ளே கிலுகிலு என்று சத்தம் கேட்டால் மனம் குறியில் நிற்காது என்று கழற்றி வைத்துவிட்டான். பாதரசம் ஊற்றலாமா என்று கேட்காதீர்கள், அது நஞ்சு.

பூட்டும் இடம் முக்கியம். குழலுக்குக் கீழே தயாரிப்பாளரே விட்டிருக்கும் தண்டவாளத்தில் (துணைப் பாகங்களைப் பூட்டுகிற நீளப் பட்டி), அசையாத பகுதியில் மட்டும் பூட்டுங்கள். முன்னும் பின்னும் ஓடும் சிலைட்டில் பாரம் ஏற்றினால் அடுத்த தோட்டா ஒழுங்காக ஏறாது. குழலில் துளை போடும் யோசனையே வேண்டாம். பூட்டியதை முதலில் கழகத்தில் இருக்கும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் அவன் சுட்டான். போட்டிக்கு என்றால் இன்னொன்று: சர்வதேச விதிப்படி 25 மீற்றர் .22 பிஸ்டல் மொத்தம் 1400 கிராமுக்குள், 300 × 150 × 50 மில்லிமீற்றர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். காற்றுப் பிஸ்டலுக்கு 1500 கிராம் வரை விடுவார்கள், ஆனால் அதில் உதை மிகச் சிறிது. அங்கே பாரம் பூட்டுவது கை ஆடாமல் இருக்கத்தான்.

பித்தளைத் துண்டு மூன்றையும் பூட்டிச் சுட்டபோது முதல் 20 சூடு அருமை என்றான். கடைசியில் தோள் களைத்து முன் குறி தானாகவே கீழே சரிந்ததாம். இப்போது 40, 25 இரண்டு மட்டும், குழல் வாய்க்குப் பக்கத்தில். நீங்களும் கடைவதற்கு முன் பிஸ்டலை வெறுமையாக்கி, இரண்டு முறை பார்த்து உறுதிப்படுத்திவிட்டு, வலை ஈயமணியைத் தண்டவாளத்தில் டேப்பால் சுற்றி, சுடும் தளத்திலேயே வெறும் குறி பார்த்துப் பழகுங்கள். சுடுவதற்கு முன் டேப்பைக் கழற்றிவிடுங்கள். விட்டுவிட்டுத் தூக்கிப் பிடித்தும் கை நடுங்காத எடை எதுவோ அதைத் தராசில் போட்டு, அந்த அளவுக்குப் பித்தளை வெட்டினால் போதும்.