தக்காணத்துப் பசால்ட்டுக்கு 6.6 கோடி வயது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கேள்வி: மகாபலேஸ்வர் மலையில் படிப்படியாகத் தெரியும் எரிமலைப் பாறை 6.6 கோடி ஆண்டு பழையது என்கிறார்கள். கார்பன் டேட்டிங்கில் கண்டதா? பழைய புத்தகத்தில் 6.5 கோடி என்று இருக்கிறதே, எது சரி?

கார்பனுக்கு இங்கே வேலையே இல்லை. அது உயிரோடு இருந்த பொருளுக்குத்தான், அதுவும் ஏறக்குறைய 50,000 ஆண்டு வரைதான். பசால்ட் என்ற இந்த எரிமலைப் பாறையில் எண்ணுவது பொட்டாசியம்-40-ஐ. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், 125 கோடி ஆண்டு. சிதையும் நூறு அணுக்களில் பதினொன்று போல ஆர்கான்-40 என்ற வாயு ஆகும், மற்றவை கால்சியம்-40 ஆகும். லாவா உருகிக் கிடக்கும்போது ஆர்கான் பெரும்பாலும் வெளியேறிவிடும். இறுகிய பிறகு பிறப்பது கனிமத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

தக்காணப் பசால்ட்டில் சிக்கல் என்னவென்றால், பல அடுக்குகளில் பொட்டாசியம் ஆக்சைடு அரை சதவீதம்கூடத் தேறாது. அளக்க வேண்டிய ஆர்கானே துளியூண்டு. அதனால் கல்லை எங்கே உடைக்கிறோம் என்பதிலேயே பாதி முடிவு இருக்கிறது. ஒரு லாவா அடுக்கின் மேல்பகுதி குமிழ் குமிழாக இருக்கும். அந்தக் குழிகளில் ஜியோலைட், கால்சைட் என்ற கனிமங்கள் நிரம்பியிருக்கும். அவை பின்னால் வந்த நீர் விட்டுச்சென்றவை, அதனால் அந்தப் பகுதி ஆகாது. அடுக்கின் நடுவில், வெடிப்புகளை ஒட்டாத கெட்டியான இடத்தில், பழுப்புத் தோலைச் சுத்தியலால் தட்டி எடுத்துவிட்டு உள்ளே உள்ள கருஞ்சாம்பல் கல்லை இரண்டு மூன்று கிலோ எடுக்க வேண்டும். அதிலிருந்து 30 மைக்ரான் தடிமனில் ஒரு சீவல் அறுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வயதை அளக்கப் பயன்படும் பிளேஜியோகிளேஸ் என்ற கனிமம் கலங்கலாகத் தெரிந்தால் அந்தக் கல்லை விட்டுவிடுவதே நல்லது.

தேறிய கல்லை உடைத்து, 100 முதல் 250 மைக்ரான் வரையுள்ள துகளைச் சலித்து, தூசி போகக் கழுவுவார்கள். காந்தப் பிரிப்பானில் விட்டால் பைராக்சீன் என்ற கனிமமும் இரும்புத் தாதுவும் ஒதுங்கி, பிளேஜியோகிளேஸ் தங்கும். அதை நீர்த்த ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் மீயொலித் தொட்டியில் சில நிமிடம் வைத்தால் மேலே உள்ள கெட்டுப்போன படலம் கரைந்துவிடும். (கண்ணாடிப் பாத்திரம் கூடாது, அமிலம் அதையே தின்னும். தோலில் பட்டால் தடவக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.) கடைசியில் தெளிவான துகள்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, கல்லை அப்படியே அரைத்தால் என்ன? முன்பு அப்படித்தான் செய்தார்கள். அதில் பாறையிலுள்ள எரிமலைக் கண்ணாடி (படிகமாகாமல் இறுகிய லாவா) களிமண்ணாக மாறியிருந்தால் ஆர்கான் கசிந்து வயது குறைந்து காட்டும். போதாததற்கு, பொட்டாசியத்தை ஒரு துண்டிலும் ஆர்கானை இன்னொரு துண்டிலும் அளந்தார்கள். முடிவுகள் பல கோடி ஆண்டுகள் அங்குமிங்கும் சிதறியதில் ஆச்சரியமில்லை.

இப்போது துகள்களை அணு உலையில் வைத்து வேக நியூட்ரானால் தாக்குகிறார்கள். பொட்டாசியம்-39 இல் ஒரு பங்கு ஆர்கான்-39 ஆகிறது. பொட்டாசியம், ஆர்கான் இரண்டையும் ஒரே துகளில், ஒரே வாயுவாக அளந்துவிடலாம். உலைக்குள் நியூட்ரான் பாய்வு இடத்துக்கு இடம் மாறும் என்பதால், வயது தெரிந்த துகள்களை இடையிடையே வைப்பார்கள். அமெரிக்காவின் கொலராடோவில் ஃபிஷ் கேன்யன் எரிமலைப் பாறையில் கிடைக்கும் சானிடின் என்ற கனிமம்தான் அதிகம் பயன்படுவது. பிளேஜியோகிளேஸில் கால்சியம் மிகுதி. அதுவும் ஆர்கான்-36 ஐ உண்டாக்கிக் கணக்கைக் கெடுக்கும். அதைத் திருத்த ஆர்கான்-37 தேவை, அதன் அரை ஆயுளோ 35 நாள்தான். மாதிரியை ஒரு வருடம் அலமாரியில் போட்டுவிட்டு அளந்தால் திருத்தம் நம்பும்படி இருக்காது.

பிறகு லேசரால் படிப்படியாகச் சூடாக்கி, ஒவ்வொரு படியிலும் வரும் வாயுவைச் சுத்தப்படுத்தி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) ஆர்கானின் 36 முதல் 40 வரை ஐந்து ஐசோடோப்புகளையும் எண்ணுவார்கள். முதல் சில படிகளில் காற்றும், கல்லின் கெட்டுப்போன பகுதிகளிலிருந்து வரும் வாயுவும்தான் வரும். அடுத்தடுத்து மூன்று படிகளாவது ஒரே வயது காட்டி, மொத்த ஆர்கான்-39 இல் பாதிக்கு மேல் அவற்றில் இருந்தால்தான் அந்த வயதை ஏற்பது வழக்கம். படிதோறும் கிடைத்த வயதைக் குறிக்கும் வரைபடம் நடுவில் பள்ளமாகி இரு ஓரமும் உயர்ந்தால், கல் இறுகும்போதே பழைய ஆர்கான் உள்ளே சிக்கியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

6.5, 6.6 குழப்பமும் இங்கிருந்துதான். ஃபிஷ் கேன்யன் துகளின் வயதை முன்பு 2.802 கோடி என்று வைத்திருந்தார்கள். 2008 இல் அது 2.82 கோடியாகத் திருத்தப்பட்டது. வித்தியாசம் 0.65 சதவீதம் போலத்தான், ஆனால் 6.55 கோடியில் அது நான்கு லட்சம் ஆண்டுக்கு மேல் வரும். கல் மாறவில்லை, அளவுகோல் மாறியது.

இன்னொரு வழி, சிர்கான் என்ற கனிமத்தில் யுரேனியம் ஈயமாகச் சிதைவதை அளப்பது. இதன் பிழை எல்லை பல மடங்கு குறுகியது. ஆனால் பசால்ட்டில் சிர்கான் அரிது. அதனால் லாவா அடுக்குகளுக்கு இடையே உள்ள செம்மண் படலங்களில் தேடுகிறார்கள். காற்றில் வந்து விழுந்த எரிமலைச் சாம்பலின் சிர்கான் அங்கே கிடைக்கும். பழைய பாறையிலிருந்து அடித்து வந்ததும் கலந்திருக்கலாம், ஆகவே இளைய துகள்களின் கூட்டத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள்.

2019 இல் இரு குழுக்கள் இந்த இரண்டு வழிகளிலும் தக்காணத்தை அளந்து வெளியிட்டன. பெரும்பகுதி லாவா சுமார் பத்து லட்சம் ஆண்டுக்குள் கொட்டி முடிந்தது என்பதில் தகராறு இல்லை. டைனோசர் அழிவுக்கு முன்பா பின்பா என்பதில்தான் இழுபறி. சிர்கான் குழுவின் கணக்கில், தக்காண லாவாத் தொகுதிகளில் ஒன்றான பொலாட்பூர் அடுக்கு அழிவுக்குப் பல்லாயிரம் ஆண்டு முன்பே பாயத் தொடங்கியது. ஆர்கான் குழுவோ அழிவு நடந்த காலத்தை அந்த அடுக்கின் அடிப்பகுதியை ஒட்டி வைத்து, முக்கால் பங்கு லாவா அழிவுக்குப் பின்பு வந்தது என்கிறது. இரண்டையும் ஒப்பிடும்போது வயதை மட்டும் பார்க்காதீர்கள். எந்தக் கனிமம், ஃபிஷ் கேன்யனுக்கு எந்த மதிப்பு, பிழையில் சிதைவு மாறிலியின் (அணுக்கள் சிதையும் வேகம்) பிழையும் சேர்ந்ததா என்று மூன்றையும் பாருங்கள்.